டப்பாவில் இருந்த வரி

எங்கள் கடையில் சேலை மடிக்கும் அக்கா என் கையெழுத்தைப் பதினோரு சேலைகளுக்குள் வைத்துப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. பட்டுச்சேலை தொய்யாமல் நிற்க மடிப்புக்குள் ஓர் அட்டை வைப்பது வழக்கம். அன்றைக்கு அட்டை தீர்ந்துபோயிருந்தது. என் மேசையின் கீழ்த்தட்டில் கெட்டித் தாள் ஒரு கட்டு, ஒரு பொட்டு மை படாமல் கிடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தாளில் நான் டக்டக்கென்று குத்திக்கொண்டிருப்பதை அக்கா பார்த்திருக்கிறார். பாவம், பொழுது போகாமல் குத்துகிறது என்று நினைத்தாராம். அந்தக் குத்தல்கள்தாம் அந்த வருஷத்துத் தை மாதக் கல்யாணங்களுக்குப் போனில் வந்த ஆர்டர்கள்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். சென்னையில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்து, தொலைபேசி ஆபரேட்டர் பயிற்சியும் முடித்துக்கொண்டு தொண்ணூறுகளின் பின்பாதியில் ஆரணிக்குத் திரும்பினேன். வெளியூர்க் கடைக்காரர்கள் நேரில் வருவதைக் குறைத்துக்கொண்டு போனிலேயே ஆர்டர் சொல்ல ஆரம்பித்திருந்த காலம் அது. உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், முந்தி எப்படி, புட்டா உண்டா, எந்த முகூர்த்தத்துக்கு வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். அதைக் கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும் என்று ஒரு பட்டுக்கடை முதலாளி என்னை வைத்துக்கொண்டார். கண் தெரியாத பெண்ணை நிறத்துக்குப் பொறுப்பாக வைத்திருக்கிறாரே என்று கடைவீதியே சிரித்தது. போனில் நிறத்தைப் பார்க்கிறவன் எவன் என்று அவர் திருப்பிக் கேட்டாராம். அந்த ஒரு பேச்சுக்காக இன்றைக்கும் அவரை எனக்குப் பிடிக்கும்.

அப்போது என்னிடம் இருந்தது பிரெயில் சிலேட்டும் ஓர் எழுத்தாணியும். சிலேட்டின் கட்டங்களுக்கு அடியில் கெட்டித் தாளைக் கொடுத்து, வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். புள்ளிகள் தாளின் மறுபக்கத்தில் எழும்பும். எழுதியதைப் படிக்க வேண்டுமானால் தாளை உருவித் திருப்பியாக வேண்டும். போனில் ஆள் காத்திருக்கும்போது அதெல்லாம் நடக்கிற காரியமா? சேலத்திலிருந்து பேசும் ஒருவர், என்னம்மா, வெற்றிலை இடித்துக்கொண்டே பேசுகிறாயா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

தாள்கள் பெங்களூருக்குப் போனது தெரிந்ததும் நான் முதலில் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனதில் இருந்த ஆர்டர்களை ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். படிக்கப் புத்தகம் இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம்தான் புத்தகம். நாற்பதுக்கு மேல் இருந்தவற்றில் இரண்டு மட்டும் தப்பாகிவிட்டன. முதலாளிக்கு அந்த இரண்டுதான் தெரிந்தது. குறை சொல்லவும் முடியாது, நஷ்டம் அவருக்கு.

“இன்னொரு வாட்டி ஆர்டர் தப்பாச்சின்னா எழுதற வேல உனக்கு வேணாம்மா. போன எடு, வணக்கம் சொல்லு, பக்கத்துல குடுத்துடு. அது போதும்” என்றார்.

பக்கத்தில் இருந்தவர் முதலாளியின் மைத்துனர். அன்றிலிருந்து ஒரு நீள நோட்டுப் புத்தகம் போடப்பட்டது. நான் போனில் கேட்டுக் குத்திக்கொள்ள வேண்டும். பிறகு அதைப் படித்துச் சொல்ல, மைத்துனர் பேனாவால் எழுதுவார். தறிக்காரர்களுக்குப் போவது அவருடைய புத்தகத்தில் இருப்பதுதான். என் தாள்களுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. அவர் சரியாக எழுதினாரா என்று பார்க்க எனக்கு வழியும் கிடையாது. “எழுதிட்டேம்மா, எழுதிட்டேன், பேஜார் பண்ணாத” என்பார். பேனா தாளில் ஓடும் சத்தத்தை வைத்து, நான் சொன்ன நீளத்துக்கு அவர் எழுதவில்லை என்று மட்டும் கண்டுபிடிப்பேன். கெட்டவர் இல்லை. அவசரக்காரர். எனக்கு அவரைப் பிடிக்காது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்படியே ஏழெட்டு வருஷம் ஓடியது.

விடுதியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி சென்னையில் கல்லூரி விரிவுரையாளர் ஆகியிருந்தாள். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் கழித்து அவளுக்குப் புதிதாக ஒரு பிரெயில் நோட்டேக்கர் வந்தது. பழையதை எனக்குத் தருவதாகப் போன் செய்தாள். அடுத்த ஞாயிறே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். வழியெல்லாம் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கை அம்மாள், டிபன் கேரியரா, சூடாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு தடித்த புத்தகம் அளவுள்ள கருவி. திரை கிடையாது. மேலே ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள், நடுவில் இடம் விட ஒரு நீள விசை. பிரெயிலில் ஓர் எழுத்துக்கு எத்தனை புள்ளி உண்டோ அத்தனையையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் எழுத்து உள்ளே போய்விடும். முன்பக்கத்தில் ஒரே ஒரு வரி, முப்பத்திரண்டு எழுத்துக்கு இடம். அந்த வரியில் பொடிப்பொடி ஊசிகள் புள்ளிகளாக எழும்பி நிற்கும். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமுக்கினால் அவை படுத்துவிடும், அடுத்த வரி எழும்பும். விரலை நகர்த்தாமலே எழுத்து மாறுவதை முதல் தடவை தொட்டபோது உடம்பு சிலிர்த்தது. எழுதிய இடத்திலேயே படிக்கலாம். தப்பென்றால் அங்கேயே அழிக்கலாம். கண் உள்ளவர்களுக்கு முதல் சிலேட்டிலேயே கிடைத்த சௌகரியம் எனக்கு முப்பது வயதுக்குப் பக்கத்தில் கிடைத்தது.

அதற்குப் பேசவும் தெரியும், ஆனால் ஆங்கிலம் மட்டும். நான் தமிழில் எழுதிய ஆர்டரை அது வாய்விட்டுப் படித்தபோது, பல் போன துரை ஒருவர் சுண்டல் மென்றுகொண்டே திட்டுவதைப் போல இருந்தது. மடிப்பு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் குரலை அணைத்துவிட்டேன். புள்ளிக்குப் பாஷை கிடையாது. நான் எந்தப் புள்ளியை வைத்தேனோ அதையே அது திருப்பித் தந்தது. தமிழே தெரியாத கருவியில் நான் முழுக்க முழுக்கத் தமிழில் எழுதினேன்.

கடையில் அதற்கு டப்பா என்று பெயர் விழுந்தது. டப்பா வந்த மாதத்திலேயே என் நடை மாறிவிட்டது என்று அக்கா சொல்வார். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் எழுதினேன். சேலத்துக்காரர், வெற்றிலைப் பழக்கத்தை விட்டுவிட்டாயா என்று கேட்டார். கடைப் பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்துத் தேடச் சொன்னால் அந்தக் கடையின் பழைய ஆர்டரெல்லாம் விரலுக்கடியில் வந்து நிற்கும். போன தீபாவளிக்கு எங்களுக்கு என்ன அனுப்பினீர்கள் என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். மின்சாரம் போனால் கடையே வேலையை நிறுத்திவிட்டு விசிறிக்கொண்டிருக்கும். என் டப்பா பேட்டரியில் ஓடும். எனக்கு விளக்கும் வேண்டாம். அந்த நேரங்களில் கொஞ்சம் சத்தமாகவே ஆர்டர் படிப்பேன்.

மைத்துனருக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. திரை இல்லாத கருவியை எப்படி நம்புவது என்பதுதான் அவருடைய வாதம். எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்த்தாலும் அவருக்குத் தெரிந்தது ஒரு கறுப்புப் பெட்டியும் ஒரு வரி அரிசி நொய் போன்ற ஊசிகளும்தான். உள்ளே எழுதியிருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை வருஷம் அவர் எழுதியதை நான் நம்பவில்லையா? முதலாளி இரண்டு பேருக்கும் நடுவில் போனார். டப்பாவும் இருக்கட்டும், புத்தகமும் இருக்கட்டும், தறிக்குப் புத்தகம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அங்கேதான் எனக்குத் திமிர் ஏறியது. மைத்துனருக்குப் படித்துச் சொல்வதை ஒரு தண்டனையாக நினைக்க ஆரம்பித்தேன். எல்லாம் என் விரலடியில் இருக்கும்போது இந்தப் பேனாச் சடங்கு எதற்கு என்று, கடமைக்குப் படித்தேன். சில நாள் நாளைக்குப் படிக்கலாம் என்று தள்ளியும் போட்டேன்.

தெள்ளார் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா முகூர்த்தச் சேலைக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். மாதம் ஒன்று கழித்துச் சேலையை வாங்க நேரில் வந்தார். கல்யாணத்துக்குப் பத்தே நாள் பாக்கி. அக்கா சேலையை விரித்ததும் கடை அமைதியானது. எனக்கு என்னவென்று தெரியவில்லை. பிறகு அந்த அம்மாள் பேசினார். அவர் கேட்டது அரக்கு உடலும் பச்சைக் கரையும். நெய்து வந்திருப்பது பச்சை உடலும் அரக்குக் கரையும்.

மைத்துனர் புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தார். உடல் பச்சை, கரை அரக்கு. புத்தகத்தில் உள்ளபடிதானே நெய்திருக்கிறது என்றார். அந்த அம்மாள், முதலில் அப்படிச் சொன்னது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் அரக்கு உடல்தான் வேண்டும் என்று சொன்னதால், இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன் செய்து மாற்றச் சொன்னதாகச் சொன்னார். போனை எடுத்தது ஒரு பெண் என்றார். அப்படி ஒரு போன் வரவே இல்லை என்று மைத்துனர் அடித்துப் பேசினார். அவர் வரையில் அது உண்மை.

“இன்னாமா, உன் டப்பா இன்னா சொல்லுது?” என்றார் முதலாளி.

நான் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தேன். தெள்ளார் என்று அடித்ததும் முதல் வரி வந்தது. உடல் பச்சை, கரை அரக்கு. கட்டைவிரலால் அமுக்கினேன். முந்தி. அமுக்கினேன். முகூர்த்த நாள். அமுக்கினேன். அதற்கும் கீழே ஒரு வரி எழும்பியது. மறு போன், உடல் அரக்கு, கரை பச்சை, மாற்றவும்.

அந்த நாள் எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. மைத்துனர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். வந்தபோது வேறொரு போனில் இருந்தேன். பிறகு நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த ‘நாளை’ வரவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. அதை மாற்றவும் என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன்.

இப்போது யோசித்தால் இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். அதற்குள் அந்த வரியை நாலு தடவை தடவிவிட்டேன், புள்ளி மாறுமோ என்று. ஒரு புள்ளியும் மாறவில்லை. அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவள் ஆரணியிலேயே நான் ஒருத்திதான். வரி இல்லை என்று சொன்னால் இல்லை, அவ்வளவுதான். அந்த அம்மாள் பொய்க்காரி ஆவார், மைத்துனர் சொன்னது சரியாகும், என் வேலை தப்பிக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த வரியையே அழித்துவிடலாம். என் முன்னால் நிற்கிற அத்தனை கண்களுக்கும் அது தெரியாது. மனசு அங்கே போனது என்பதை ஒளிக்க மாட்டேன். இன்னொரு வாட்டி என்று முதலாளி சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுதும் வேலை போனால் வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனால் எட்டு வருஷமாக என் சண்டையே, என் எழுத்தும் எழுத்துதான், அதையும் நம்புங்கள் என்பதுதானே. எனக்குச் சாதகமாக இருக்கும்போது மட்டும் படிக்கிற எழுத்தை எவர் நம்புவார்? நானே நம்ப மாட்டேன்.

“மறு போன் வந்திருக்குதுங்க” என்றேன். “உடல் அரக்கு, கரை பச்சை, மாத்தணும்னு எழுதியிருக்கேன். புக்குல சொல்ல மறந்துட்டேன். அவர் மேல தப்பு இல்லீங்க. அந்தம்மா மேலயும் இல்ல. என் மேலதான்.”

வாய்க்கொழுப்பு சீலையில் வடிகிறது என்பார்கள். என் திமிர் பத்து நாளில் கல்யாணம் உள்ள ஒரு முகூர்த்தச் சீலையிலேயே வடிந்தது. மைத்துனர் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் மட்டும், இப்போது என்ன செய்வது என்று அழுகிற குரலில் கேட்டார். அழுவதற்கு நேரமில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரக்கு, பச்சைக் கரை என்று போட்டு மறுபடியும் தேடினேன். எந்த ஆர்டர் எந்தத் தறியில் இருக்கிறது என்பதையும் நான் டப்பாவில் எழுதிவந்தேன். அது ஒருவரும் கேட்காத வேலை, என் ஆசைக்குச் செய்தது. ஒண்ணுபுரத்தில் ஒரு தறியில் சேலம் கடைக்காக அதே நிறத்தில் சேலை ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அடுத்த மாதம் கொடுத்தால் போதும். முதலாளி ஒண்ணுபுரத்துக்குப் போன் போட்டார். ஆறு நாளில் நெய்து முடித்து அறுத்துக் கொடுத்துவிடலாம் என்றார் தறிக்காரர். முந்தி டிசைன் கொஞ்சம் வேறு. அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

அவர் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். எழுதற வேலை போயிற்று என்று முடிவுகட்டிக்கொண்டு போய் நின்றேன்.

“அந்த வரி இல்லன்னு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டார்.

தெரிந்திருக்காது என்றேன்.

“அப்பறம் இன்னாத்துக்கு ரெண்டு எடத்துல எழுதிக்கினு?” என்றார். “நாளையிலேர்ந்து தறிக்காரங்களுக்கு நீயே படிச்சி சொல்லிடு.”

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோதுதான் அழுகை வந்தது. அது தெள்ளார்ச் சேலைக்கான அழுகையும்தான்.

இதை எழுதும்போது இரண்டாயிரத்துப் பத்து பிறக்கப்போகிறது. கடைக்கு வரும் படித்த பிள்ளைகள், இப்போது செல்போனே பேசுகிறதே, இந்த டப்பா இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்கிறார்கள். போன் பேசட்டும். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் ஒருத்தர் படித்துக் கேட்பது வேறு, நாமே படிப்பது வேறு. சிறுவயதில் எனக்கு எல்லாவற்றையும் யாராவது படித்துச் சொன்னார்கள். படித்தவர் எங்கே தாண்டினார், எங்கே மழுப்பினார் என்று எனக்குத் தெரியாது. கேட்டே வாழ்ந்துவிடலாம் என்று சொல்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்காமல் வானொலிப் பெட்டி மட்டும் வாங்கித் தருவார்களா?

டப்பாவுக்குக் குறை இல்லாமல் இல்லை. ஒரு தடவை அயர்ன் பாக்ஸுக்காக யாரோ என் சார்ஜரைப் பிடுங்கிவிட, பேட்டரி முழுக்க இறங்கி ஒரு வாரத்து எழுத்து அப்படியே போனது. அந்த வாரம் திரும்பவும் ஞாபகத்தில்தான் பிழைத்தேன். தோழியின் புதுக் கருவியில் பேட்டரி செத்தாலும் எழுத்து சாகாதாம். விலை இன்னும் எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிற விலை இல்லை. இறங்கும். நான் போன் எடுக்க ஆரம்பித்த காலத்தில் போன் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். இன்றைக்குக் கீரை விற்கிறவர் இடுப்பில் போன் அடிக்கிறது. ஒரு வரி பத்து வரியாகும். அது தமிழும் பேசும், துரைக் குரலில் அல்ல, ஆரணிக்காரர் குரலில். பார்வையற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடப் பைக்குள் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். பெரிய ஆசை என்று தோன்றவில்லை. நடக்கும் என்றே நினைக்கிறேன்.

தாள் வருவது நின்றதில் ஒருவருக்கு மட்டும் வருத்தம். அந்தக் கெட்டித் தாள் மாதிரி மடிப்பு நிற்க வேறு எதுவும் இல்லை என்று அக்கா இப்போதும் சொல்கிறார்.

தெள்ளார் அம்மாள் வந்துபோனதற்கு மறுநாள் நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். காலையில் மைத்துனர் என் மேசைக்கு வந்தார். புத்தகத்தை அவர் கையோடு கொண்டுவரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பிறகு, அந்த வரியைக் காட்டு என்றார். நான் தேடி எடுத்து, அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து முதல் புள்ளியில் வைத்தேன். மெதுவாக வரி முழுக்கத் தடவிவிட்டு மறுபடியும் முதலுக்கு வந்தார். பேனா பிடித்த விரல், நுனி காய்ப்பேறியிருந்தது.

“ஒண்ணும் புரியலியேம்மா” என்றார்.

“புரியாதுங்க. நான் படிக்கிறேன், கேளுங்க” என்றேன்.

அவர் விரலை எடுக்கவில்லை. அந்த விரலுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்து, என் தப்பை முதல் எழுத்திலிருந்து அவருக்குப் படித்துச் சொன்னேன்.